மழுங்கிய மண்வெட்டியும் சிப்பித்தூளும்

இடம்பெயர்ந்தபோது எம்மக்கள் கையோடு கொண்டுவர முடிந்தவை சிலவே. அவற்றுள் ஒரு மண்வெட்டியும் கத்தியும் இருந்தால் அதுவே பெரிய முதல். காணி திரும்பக் கிடைக்கும் நாளைப் பார்த்திருக்கும் குடும்பங்களில் இன்று அவை கொட்டில் மூலையில் கறள் பிடிக்கின்றன.

வீணே கொட்டும் கடற்சிப்பியையும் முட்டைக்கோதையும் இடித்துத் தூளாக்கினால் இரும்பைத் துலக்கலாம் என்கிறார்கள். சிலர் ஒருபடி மேலே போய், இத்தூள் இருக்க அரமும் சாணைக்கல்லும் எதற்கு என்கிறார்கள். முதலாவது சரி. இரண்டாவதை நாம் ஏற்கவில்லை.

ஒன்றை அராவ வேண்டுமாயின் அராவும் பொருள் அதைவிடக் கடினமாக இருக்க வேண்டும். ஜேர்மன் கனிமவியலாளர் மோஸ் 1812இல் வகுத்த 10 படி அளவில் முட்டைக்கோது 3ஆம் படியளவில் உள்ளது. கடற்சிப்பி 3க்கும் 4க்கும் இடையில். பதமிட்ட கத்தியின் உருக்கோ 5க்கு மேல். ஆகவே சிப்பித்தூள் கரி, எண்ணெய்ப் பிசுக்கு, உதிரும் மேற்கறள் என்பவற்றை அகற்றும், கூரைக் கெடுக்காது. ஆனால் கூர் வைக்கவும் மாட்டாது.

வடமராட்சி கிழக்கின் வெண்மணலிலுள்ள சிலிக்கா 7ஆம் படி. அது இரும்பையே தேய்க்கும். உமிச்சாம்பலிலும் பத்தில் ஒன்பது பங்களவு சிலிக்காவே. 100 கிலோ நெல்லில் ஏறக்குறைய 20 கிலோ உமியும், அதை எரித்தால் 4 கிலோ சாம்பலும் கிடைக்கும். தடித்த கறளுக்கு இவை உதவும். அலுமினியச் சட்டிக்கு இவை வேண்டாம். அது 3ஆம் படிக்கும் குறைந்த மென்மையானது. சிப்பித்தூளும் அதைக் கீறும்.

சிப்பியைக் கழுவி, காயவைத்து, உரலில் இடித்து, துணியில் அரித்தெடுங்கள். சுட்டு நீறாக்கிய சிப்பியைப் பாவிக்க வேண்டாம். அது கையையும் கண்ணையும் புண்ணாக்கும், அலுமினியத்தை அரிக்கும். எத்தூளாயினும் மூக்கை மூடிக்கொண்டு இடித்து, நனைத்தே தேய்க்க வேண்டும்; தூசி நெஞ்சுக்குக் கேடு. தேய்த்தபின் ஈரம் துடைத்து எண்ணெய் பூசுங்கள்.

உதவி நிறுவனங்களுக்கும் ஒன்று சொல்வோம். கருவியைக் கொடுத்துப் படம் எடுப்பதோடு பணி முடிந்துவிடாது. ஒவ்வொரு குடியிருப்புக்கும் பொதுவில் ஒரு சாணைக்கல்லும் இரண்டு அரமும் கொடுங்கள். செலவு சிறிது, பயன் பெரிது. இரும்பு மழுங்கினால் உழைப்பவனின் பலமே வீணாகும் என்பதைப் பிரசங்கி நூலும் நினைவூட்டுகிறது.

காணிக்குத் திரும்பும் நாளை நாம் குறிக்க முடியாது. அந்நாளில் மண்வெட்டி ஆயத்தமாக இருப்பது எம் கையிலேயே உள்ளது.