பெயர் தெரியாத தகடு

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் அலுமினியத்துக்குப் பஞ்சமில்லை. பாத்திரக் கடையில் அலுமினியம்; கூரைத் தகடு விற்கும் கடையில் அலுமினியம்; சன்னலும் கதவும் செய்யும் பட்டறையில் அலுமினியம். இத்தனை இருந்தும், சிறிய ஆகாய விமானம் ஒன்றின் கருவிப் பலகைக்குத் தகடு வேண்டும் என்று ஒரு மாணவன் புறப்பட்டால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கிறது. ஏன்? கடையில் இருப்பது அலுமினியம்தான். ஆனால் எந்த அலுமினியம் என்று சொல்ல ஆளில்லை. நமக்கு இல்லாதது உலோகம் அன்று, உலோகத்தின் பெயர். இந்தக் குறையை விஞ்ஞானம் பயிலும் நாம்தான் தீர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

"விமானமா? நம் ஊர்ப் பையன்களா?" என்று நகைப்போர் உண்டு. அவர்கள் தொடுபுழையை நினைத்துப் பார்க்கட்டும். பேச்சும் செவிப்புலனும் அற்ற சஜி தாமஸ் என்பவர் அங்கே தம் கையாலேயே இருவர் அமரும் இலகு விமானம் ஒன்றைச் செய்தார். 2014-ஆம் ஆண்டில் அது பறந்து காட்டியது எங்கே? எல்லை கடந்து, திருநெல்வேலி மாவட்டத்து மணிமுத்தாற்றில்! 1956 நவம்பர் 1 அன்று கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நிலத்தில் விழுந்த அந்தக் கோடு ஆகாயத்தில் விழவில்லை.

உலோகத்திலும் நாம் ஏழைகள் அல்லர். இந்தியாவில் முதன்முதலாக அலுமினியம் உருக்கி எடுக்கப்பட்டது 1943-இல், ஆலுவாய்க்கு அருகே அலுபுரத்தில். 1965-இல் மேட்டூரிலும் ஆலை எழுந்தது, பல்லாண்டு ஓடியது. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ஆராய்ச்சி ராக்கெட் எழும்பிய தும்பா, நெய்யாற்றின்கரையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். இத்தனைக்கும் நடுவே வாழ்ந்துகொண்டு, ஒரு தகட்டின் பெயரறியாமல் நிற்பது நமக்கு அழகா?

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பெயரில்தான் எல்லாம் இருக்கிறது. 1906-இல் ஜெர்மானியரான ஆல்ஃப்ரட் வில்ம், சிறிது செம்பும் மக்னீசியமும் சேர்த்த அலுமினியத்தைச் சூடாக்கி நீரில் குளிரவைத்தார். சில நாள் கழித்துப் பார்த்தால் அது தானாகவே கடினப்பட்டிருந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் டூராலுமின். அதன் வழிவந்த கலப்பு உலோகத்துக்கு இன்று 2024 என்று எண். இது ஆண்டு அன்று, பெயர். மக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்தது 6061. ஏறக்குறையத் தூய அலுமினியம் 1100. மென்பதத்தில் உள்ள 1100, சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 35 நியூட்டன் விசையிலேயே நிரந்தரமாக வளைந்துவிடும். டி-6 பதத்திலுள்ள 6061 சுமார் 275 வரை தாங்கும். டி-3 பதத்திலுள்ள 2024 சுமார் 345 வரை தாங்கும். பத்து மடங்கு வேற்றுமை! கண்ணுக்கோ மூன்றும் ஒரே வெள்ளை. கைக்கோ மூன்றும் ஒரே கனம்.

கடைக்காரர் எண்ணைக் கேட்பதில்லை, "எத்தனை கேஜ்?" என்றுதான் கேட்பார். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. பிரிட்டிஷ் அளவில் 14 கேஜ் என்றால் 2.03 மில்லிமீட்டர், அமெரிக்கர் அலுமினியத்துக்கு வழங்கும் அளவில் அதே 14 கேஜ் 1.63 மில்லிமீட்டர். விமான வரைபடங்களோ பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருபவை. ஆகவே கேஜை மறந்து மில்லிமீட்டரில் கேட்பதே அறிவுடைமை. வாங்கிய பின்னும் ஆபத்து உண்டு. எளிதில் வளையட்டும் என்று பட்டறையில் நெருப்புக் காட்டினால், 6061-க்கு வலுவைத் தந்த பதம் அந்த இடத்தில் அழிந்துபோகும். பெயர் இருக்கும், குணம் இராது.

"வெறும் பலகைதானே! இறக்கையா, சுழலியா? எதை வைத்தால் என்ன?" என்று வாதிடும் நண்பர்களும் உண்டு. அந்தப் பலகையில் 3⅛ அங்குல விட்டமுள்ள துளைகள் பல. உயரமானியும் வேகமானியும் அவற்றில்தான் தொங்குகின்றன. என்ஜின் ஓடும் நேரமெல்லாம் பலகை அதிர்கிறது. துளைக்கும் துளைக்கும் இடையே உள்ள குறுகிய பகுதியில் வெடிப்பு தொடங்குகிறது. மேகத்தினுள் சிக்கியவனுக்குக் கண் அந்தக் கருவிகளே. சில சிறு விமானங்களில் உடற்கட்டை இறுக்கிப் பிடிப்பதும் இந்தப் பலகையே. இரும்புத் தகடு போடலாமே என்றால், அருகிலுள்ள திசைகாட்டியை அது தவறான பக்கம் திருப்பிவிடும். ஆகையால் "வெறும் பலகை" என்பது தரையில் நிற்பவன் பேச்சு.

சரி, செய்வது என்ன? நம் பௌதிக ஆய்வுக்கூடமே ஒரு வழி காட்டுகிறது. தகட்டிலிருந்து ஒரு மீட்டர் நீளம், 10 மில்லிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் கனமுள்ள பட்டை ஒன்றை வெட்டுங்கள். அதில் ஓர் ஆம்பியர் மின்னோட்டம் செலுத்தி, முனைகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளவிடுங்கள். 1100 ஆனால் சுமார் 1.5 மில்லிவோல்ட், டி-6 பதத்து 6061 ஆனால் சுமார் 2, டி-3 பதத்து 2024 ஆனால் சுமார் 2.9. இளநிலை வகுப்பில் மதிப்பெண்ணுக்காகச் செய்து மறந்த அதே சோதனைதான்! ஆர்க்கிமிடீசின் முறையும் ஓரளவு துணை செய்யும்: 2024-இன் அடர்த்தி 2.78, மற்ற இரண்டும் ஏறக்குறைய 2.70.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. இந்தச் சோதனைகள் பொய்யைக் காட்டிக்கொடுக்கும், மெய்யை நிலைநாட்டமாட்டா. வேறு கலவை ஒன்றும் இவற்றின் நடுவே ஓர் அளவைக் காட்டக்கூடும். மெய்யை நிலைநாட்டுவது, தகட்டோடு ஆலை தரும் சோதனைச் சான்றிதழ்தான். உருக்கிய தொகுதியின் எண், கலந்த பொருள்களின் விகிதம், இழுவலிமை எல்லாம் அதில் இருக்கும். முழுத் தகடு வாங்கினால் அதைக் கேட்டுப் பெறலாம். வெட்டுத் துண்டு வாங்குபவனுக்கு யார் தருவார்?

இங்கேதான் சங்கத்தின் கடமை வருகிறது. 4 அடிக்கு 8 அடியுள்ள 2 மில்லிமீட்டர் தகடு ஒன்று சுமார் 16 கிலோ எடை. 90 சென்டிமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் அளவில் ஆறு பலகைகளை அதில் தாராளமாக வெட்டலாம். ஒருவன் தனியே வாங்கினால் சுமை; ஆறு பேர் கூடினால் எளிது. சங்கம் சான்றிதழோடு ஒரு தகடு வாங்கட்டும். சான்றிதழைக் கோப்பில் வைக்கட்டும். வெட்டும் ஒவ்வொரு துண்டிலும் எண்ணை எழுதட்டும். யாருக்குப் போயிற்று என்று பதிவேட்டில் குறிக்கட்டும். பாறசாலையிலிருந்து வரும் மலையாள மாணவனுக்கும் அதில் பங்கு உண்டு, மார்த்தாண்டத்திலிருந்து வரும் தமிழ் மாணவனுக்கும் பங்கு உண்டு.

இலக்கிய விழாவும் பட்டிமன்றமும் நடத்தும் சங்கத்துக்குத் தகட்டு வாணிகம் எதற்கு என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு சொல். தமிழில் விஞ்ஞானம் வளர வேண்டும் என்று ஆண்டுதோறும் தீர்மானம் போடுகிறோம். தீர்மானத்தால் வளர்ந்த விஞ்ஞானம் எந்த நாட்டிலும் இல்லை. தகட்டை அளந்து, வெட்டி, எண் எழுதி, "இது இன்னது, இதற்கு நான் பொறுப்பு" என்று தமிழிலே ஒருவன் கையெழுத்திடும் நாளில் அது வளரும். அந்தப் பதிவேட்டின் முதல் பக்கத்தை இந்த ஆண்டே திறப்போம், நண்பர்களே!