கணக்குப் பெட்டி இங்கே, சாவி அங்கே!

"கணக்கை ஒழுங்காக வைத்துக் காட்டு, காவலரைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டு வா, பள்ளியும் பாதையும் அமைத்துக் காட்டு, ஆளத் தெரிந்தவன் என்று மெய்ப்பித்துக் காட்டு, பிறகு பார்க்கலாம், உனக்கொரு நாடு தருவதைப் பற்றி!"

பாலஸ்தீன மக்களைப் பார்த்து வல்லரசுகள் ஆண்டுக் கணக்கில் ஓதி வந்த உபதேசம் இது. அடக்கப்பட்டவன் தேர்வு எழுத வேண்டுமாம். அடக்கி வைத்தவன் நாற்காலி போட்டு உட்கார்ந்து மதிப்பெண் பார்ப்பானாம்!

சரி, எழுதுகிறேன் என்று முன்வந்தார் ஒருவர். எழுதினார், தேறவும் தேறினார். நாடு கிடைத்ததா? அந்தக் கதையைத்தான் தோழர்களே, நாம் அறிந்திட வேண்டும்.

அவர் பெயர் சலாம் ஃபய்யாத். மேற்குக் கரையிலே, துல்கரம் வட்டாரத்தைச் சேர்ந்தவர். பெய்ரூத்திலுள்ள அமெரிக்கப் பல்கலைக் கழகத்தில் பொறியியல் படித்தார். 1986-ல் டெக்சாஸ் பல்கலைக் கழகத்திலே பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு உலக வங்கியிலே பணி. அதன்பின் பன்னாட்டு நிதியத்தின் பிரதிநிதியாகப் பாலஸ்தீனத்திலேயே 2001 வரை பணி. துப்பாக்கி தூக்கியவரல்ல, மேடையேறி முழங்கியவருமல்ல. பேரேட்டைப் புரட்டியவர்!

2002-ல் யாசர் அராபத் இவரை நிதியமைச்சராக்கினார். அப்போது வருவாய் பல வாய்க்கால்களில் ஓடிக் கொண்டிருந்தது. பாதுகாப்புப் படையினரின் சம்பளம் ரொக்கமாகத் தளபதிகளிடம் போகும். அவர்கள் பார்த்துப் பங்கிடுவார்கள். ஃபய்யாத் என்ன செய்தார்? சிதறிக் கிடந்த வருவாயை ஒரே கருவூலக் கணக்கிலே கொண்டுவந்து சேர்த்தார். பெட்ரோல் வாணிபத்தை நிதியமைச்சின் கண்காணிப்பில் வைத்தார். வரவு செலவுத் திட்டத்தை ஊரறிய வெளியிட்டார். படையினரின் சம்பளத்தை அவரவர் வங்கிக் கணக்குக்கே அனுப்பினார்.

உழைத்துக் கூலி வாங்குகிறவனுக்குத் தெரியும் இதன் அருமை! மேலதிகாரி எண்ணிக் கொடுக்கும்போது சம்பளம் சலுகையாகிவிடுகிறது. வாங்குகிறவன் வணங்கி நிற்க வேண்டியிருக்கிறது. பெயருக்கு நேரே பணம் வந்து சேரும்போதோ, அது உரிமை. நிமிர்ந்து நின்று பெறலாம்.

ஆனால், நல்ல கணக்கு நல்ல வாக்கைக் கொண்டுவந்துவிடுமா? 2006 தேர்தலில் 'மூன்றாவது வழி' என்றோர் அணி அமைத்து, ஹனான் அஷ்ராவி போன்றோருடன் மக்கள்முன் நின்றார். 132 இடங்களில் கிடைத்தவை 2! ஹமாஸ் பெற்றவையோ 74. மறு ஆண்டு ஜூனில் காசா ஹமாஸ் கைக்குப் போக, மேற்குக் கரையிலே ஃபய்யாத்தைப் பிரதமராக்கினார் குடியரசுத் தலைவர் மகமூத் அப்பாஸ். சட்டமன்றம் அந்த நியமனத்துக்கு ஒப்புதல் வழங்கவேயில்லை. அறிவு அரியணை ஏறியது. ஆனால் மக்களின் தோள்மீது ஏறி வரவில்லை. இந்தக் குறையை மறைத்து அவரைப் போற்றுவது உண்மைக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

2009 ஆகஸ்டில் அவர் ஒரு திட்டம் வெளியிட்டார். இரண்டே ஆண்டுகளில் அரசுக்குரிய அமைப்புகள் அனைத்தையும் கட்டி முடிப்பது. ஆக்கிரமிப்பு இருக்கும்போதே நாட்டை எழுப்பிக் காட்டுவது! 2010 தொடக்கத்தில், இஸ்ரேலியக் குடியேற்றங்களில் உற்பத்தியான பொருள்களைச் சல்ஃபீத் நகரிலே தீயிலிட்டு, அவற்றை வாங்காதீர் என்றும் அறைகூவினார். 2011 ஏப்ரலில் முடிவு வந்தது. உலக வங்கியும், பன்னாட்டு நிதியமும், ஐக்கிய நாடுகள் அமைப்பும் ஒருங்கே கூறின, ஓர் அரசு ஆற்ற வேண்டிய பணிகளை ஆற்றப் பாலஸ்தீன நிர்வாகம் தகுதி பெற்றுவிட்டது என்று.

தேர்வில் வெற்றி! பரிசு எங்கே?

அந்த ஆண்டு செப்டம்பரில் ஐ.நா. உறுப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், பாதுகாப்பு மன்றத்திலே அது வாக்கெடுப்புக்குக்கூட வரவில்லை. 2012 நவம்பர் 29-ல் பொதுச்சபையில் 138 நாடுகள் ஆதரிக்க, 9 எதிர்க்க, 41 ஒதுங்கி நிற்க, 'பார்வையாளர் நாடு' என்ற தகுதி கிடைத்தது. பார்வையாளர்! தன் மண்ணைத் தானே பார்த்துக் கொண்டிருக்க ஒரு நாற்காலி!

ஏன் இந்த நிலை? 1994-ல் பாரிசில் கையெழுத்தான பொருளாதார உடன்பாட்டைப் பாருங்கள். துறைமுகம் பாலஸ்தீனரிடம் இல்லை. அவர்களுக்கென்று வந்திறங்கும் சரக்குக்கு இஸ்ரேலே சுங்கம் வசூலிக்கும். 3 விழுக்காடு தரகு எடுத்துக்கொண்டு, மாதந்தோறும் மீதியைத் தரும். பாலஸ்தீன நிர்வாகத்தின் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்தப் பணம்தான். கோபம் வந்தால் தராது! 2006-ல் மக்கள் ஹமாசுக்கு வாக்களித்தார்களா? நிறுத்து பணத்தை. 2011-ல் யுனெஸ்கோவில் பாலஸ்தீனம் சேர்ந்ததா? நிறுத்து. 2012-ல் பொதுச்சபையில் வாக்கு விழுந்ததா? மறுபடியும் நிறுத்து. பெட்டியைப் பளபளவென்று துடைத்து வைத்தார் ஃபய்யாத். சாவியோ அடுத்தவன் இடுப்பிலே!

அதே உடன்பாட்டின்படி, பெட்ரோல் விலை இஸ்ரேலிய விலையைவிட 15 விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது. மதிப்புக் கூட்டு வரியையும் பெரிதாகக் குறைக்க முடியாது. கூலி ஒரு நாட்டு அளவில், விலைவாசி இன்னொரு நாட்டு அளவில்! 2012 செப்டம்பரிலே மக்கள் பொங்கினார்கள். வண்டியோட்டிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஃபய்யாத்தே வெளியேறு என்று முழங்கினார்கள். எரிபொருள் விலையேற்றத்தை அவர் திரும்பப் பெற்றார். தொழிலாளியின் கோபம் நியாயமானது. ஆனால் விலையைக் கட்டிப்போட்ட கயிறு பாரிசிலே முறுக்கப்பட்டது. அடி விழுந்தது ரமல்லாவில் இருந்தவர் முதுகில்! 2013 ஏப்ரலில் அவர் பதவி விலகினார்.

கதை அத்துடன் முடியவில்லை. 2017-ல் லிபியாவுக்கான ஐ.நா. தூதராக ஃபய்யாத்தை நியமிக்க முன்வந்தார் பொதுச்செயலாளர் குட்டெரெஸ். தடுத்தது யார்? அவரது நேர்மையைப் பல்லாண்டு பாராட்டி வந்த அமெரிக்கா! திறமையில் குறையென்று சொல்லித் தடுக்கவில்லை; ஐ.நா. பாலஸ்தீனரிடம் மிகையாகச் சாய்கிறது என்று காரணம் கூறினார்கள். பட்டம் இருந்தது, பணி அனுபவம் இருந்தது, நற்சான்றிதழ் கட்டுக்கட்டாக இருந்தது. இருந்தும் என்ன? பாலஸ்தீனர் என்ற ஒரு சொல் அத்தனையையும் அழித்துவிட்டது!

பின்னர் 2019-ல் பிரதமரான முகம்மது ஷதய்யாவும் பொருளாதாரம் கற்றவர். 2024-ல் பிரதமரான முகம்மது முஸ்தபாவும் பொருளாதாரம் கற்றவர், உலக வங்கியில் இருந்தவர். மேதைகள் மாறி மாறி வந்தார்கள், சாவி வரவில்லை. 2023 அக்டோபருக்குப் பிறகு பிடித்தம் மேலும் பெருகிற்று; ஆசிரியரும் மருத்துவரும் அரைகுறைச் சம்பளத்தில் குடும்பம் நடத்த நேர்ந்தது. 2006-க்குப் பின் சட்டமன்றத் தேர்தலையும் அந்த மக்கள் கண்டதில்லை.

தூய கணக்கு வேண்டாம் என்று எவனும் இதைக் காட்டிச் சொல்லிவிடக் கூடாது. திருட்டுக் கணக்கால் விடுதலை பெற்ற நாடும் இல்லை. ஃபய்யாத் செய்த பணி தேவையான பணி. அடுத்து வருகிறவரும் செய்தாக வேண்டிய பணி. ஆனால், தகுதியைக் காட்டினால் உரிமை தருவோம் என்பவனின் சொல்லை நம்பி, மக்களைத் திரட்டாமல் பேரேட்டை மட்டும் எழுதிக் கொண்டிருந்தால், பேரேடுதான் மிஞ்சும். விடுதலை என்பது தேர்வு எழுதிப் பெறும் பட்டம் அல்லவே!

இனி எவனாவது பாலஸ்தீனரைப் பார்த்து, "கணக்கைக் காட்டு" என்று கேட்டால், காட்டியாகிவிட்டது என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டுத் திருப்பிக் கேளுங்கள்: சாவி எங்கே?