கட்டுவதும் கழற்றுவதும்



சுங்கை லாலாங்கிலிருந்து ஓர் அம்மா கடிதம் எழுதியிருக்கிறார். மகனுக்குச் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை கிடைத்திருக்கிறது. இவர் கைப்பேசியைத் திறந்தாலே ஒரு விளம்பரம் வந்து நிற்கிறதாம். கருங்காலி மாலை, ஐந்து முக ருத்ராட்சம், ஐம்பொன் காப்பு, மூன்றும் சேர்த்து 388 ரிங்கிட். திருஷ்டி கழியும், கடன் அடையும், பதவி உயரும் என்று போட்டிருக்கிறது. "வாங்கிப் போட்டு அனுப்பலாமா? எங்க காலத்துல தோட்டத்துப் பூசாரி தட்டுல வெச்சத வாங்கிக்கிட்டு மந்திரிச்சுக் கட்டிவிடுவாரு" என்று கேட்கிறார்.

தைப்பூசம் நெருங்கினால் இப்படிக் கேட்டு நாலைந்து கடிதங்கள் வந்துவிடும். இந்த மாதம் பக்கம் முழுவதும் இதற்கே.

பீடோங், சுங்கைப்பட்டாணி பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குத் தாயத்து எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைத் தூளியில் கிடக்கும் பிள்ளையின் இடுப்பில் கருப்புக் கயிறு, அதில் சுண்டுவிரல் கணு அளவுக்கு ஒரு செப்புக் குழல். இரண்டு முனையும் அரக்கு வைத்து அடைத்திருக்கும். உள்ளே எழுத்துக் கீறிய தகடு சுருட்டி இருக்கலாம். வேரோ, திருநீறோ, காய்ந்த தொப்புள்கொடியோ இருக்கலாம். எண்ணெயும் வியர்வையும் பட்டுப் பட்டுக் குழல் கறுத்துப்போயிருக்கும். காசுள்ள வீடு என்றால் பத்தரிடம் கொடுத்து வெள்ளியில் செய்வார்கள். எதுவானாலும் பிள்ளைக்காக இன்னொருவர் கட்டிவிட்டதுதான். தனக்குத் தானே தாயத்து வாங்கிப் போட்டுக்கொண்டவரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

இன்னொன்று, அதைக் கழற்றவும் ஒரு நாள் இருந்தது. புறநானூற்றின் 77ஆம் பாட்டில் இடைக்குன்றூர் கிழார், பாண்டியன் நெடுஞ்செழியனைப் போர்க்களத்தில் கண்டு வியக்கிறார். கழுத்துத் தாலியைக்கூட இன்னும் களையாத சிறுபிள்ளை இப்படி நிற்கிறானே என்று. அது ஐம்படைத்தாலி; சங்கு, சக்கரம், தண்டு, வாள், வில் என்று திருமாலின் ஐந்து படைகளையும் சிறிதாகச் செய்து கோத்துப் பிள்ளைக்குக் காவலாக அணிவிப்பது. வயது வந்ததும் கழற்றிவிடுவார்கள் என்பது ஊரறிந்த வழக்கமாக இருந்தால்தானே புலவரின் வியப்புக்கே பொருள் உண்டு? மாரியம்மன் திருவிழாவுக்கு மஞ்சள் முடிந்து கட்டும் காப்பும் அப்படித்தான். காப்புக் கட்டினால் ஊர் எல்லை தாண்டுவதில்லை. திருவிழா முடிந்தால் அவிழ்த்துவிடுகிறோம். இந்த விளம்பரக் காப்புக்கு மட்டும் அவிழ்க்கும் நாளே இல்லை. விற்பவர் வைக்கும் ஒரே கெடு, அடுத்ததை நாம் எப்போது வாங்க வேண்டும் என்பதுதான்.

காவலுக்குப் பொன்னும் மணியும் வைப்பது நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. மெர்போக்கில் புக்கிட் பத்து பஹாட் பழங்கோயிலின் அடித்தளத்தைப் பார்த்திருப்பீர்கள். 1936, 37 வாக்கில் தொல்லியலாளர் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்தது. பிறகு 1960ஐ ஒட்டி அலஸ்டர் லேம்ப் சீரமைத்தது. அங்கே கருங்கல் பேழைகள் கிடைத்தன. குழி குழியாகக் குடைந்து, உள்ளே மணிகளும் பொன் துணுக்குகளும் வைத்து மூடிப் புதைத்தவை. கோயிலுக்கே கட்டிய தாயத்து என்று வைத்துக்கொள்ளுங்களேன். கோயில் எழும்பிய பிறகு யார் கண்ணிலும் படாத இடம் அது. யாரும் பார்க்க வேண்டும் என்று வைத்ததும் அல்ல. பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் அதே இடத்தில்தான் இருக்கிறது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்.

தாயத்து சந்தைச் சரக்காகிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எல்லைக்கு அப்பால் ஒரு கதை இருக்கிறது. ஹாட்யாய் போய்வருகிறவர்கள் கேட்டிருக்கலாம். நக்கோன் சி தம்மராட்டில் 1987இல் முதலில் வார்த்த ஜதுக்காம் ராமதேப் தாயத்து வில்லைகள், 2007இல் தாய்லாந்து முழுவதையும் பித்துப் பிடிக்க வைத்தன. உள்ளங்கை அகல வில்லைக்கு ஊரே வரிசையில் நின்றது. நெரிசலில் உயிரும் போனது. வாங்கிக் குவித்தவர்கள் அடுத்த ஆண்டே கொள்வாரின்றி விழித்தார்கள். (1025இல் ராசேந்திர சோழனின் படை நம் கடாரத்தோடு சேர்த்து வென்ற ஊர்களின் பட்டியலில் வரும் மாதமாலிங்கம், இந்த நக்கோன்தான் என்பார்கள். பழைய பக்கத்து வீடு!)

சரி, சரக்குக்கு வருவோம். கருங்காலி மாலை தமிழ்நாட்டில் 2023 வாக்கில் சினிமாக்காரர்கள் கழுத்தில் தெரிந்து, அங்கிருந்து நம்மூர் இரவுச் சந்தையான பசார் மாலாம் வரை வந்துவிட்டது. நல்ல வைரம் பாய்ந்த கருங்காலி கனமானது, நீரில் அமிழும். ஆனால் அமிழ்வதெல்லாம் கருங்காலி ஆகிவிடாது. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு கறுத்தால் நீங்கள் வாங்கியது சாயம். ருத்ராட்சத்தில் ஐந்து முகம்தான் மிகச் சாதாரணம். இந்தியச் சந்தைக்குப் போவதில் பெரும்பகுதி நமக்குப் பக்கத்து ஜாவாவில் காய்ப்பது. ஐம்பொன் என்றால் பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம். இன்றைய தங்க விலைக்கு, முப்பது நாற்பது ரிங்கிட் காப்பில் எத்தனை பொட்டுப் பொன் சேர்த்திருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

அந்த ஈயம்தான் எனக்குக் கவலை. நியூயார்க்கில் 2009இல் கம்போடியக் குடும்பத்து ஒரு வயதுக் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருந்தது. காரணம் தேடினால், கழுத்துக் கயிற்றில் கோத்திருந்த தாயத்து. அதில் ஏறக்குறைய பாதி ஈயம். குழந்தை அதை வாயில் வைத்துச் சப்பியிருக்கிறது. பல் முளைக்கும் பிள்ளைக்கு எதைக் கட்டினாலும் வாய்க்கு எட்டாமல் கட்டுங்கள். கழுத்தில் கயிறு வேண்டவே வேண்டாம், தூக்கத்தில் இறுக்கிவிடும்.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தொப்புள்கொடியைத் தாயத்தில் வைத்த நம் முன்னோர் ஸ்டெம் செல்லை அன்றே சேமித்தார்களாம். ஸ்டெம் செல் சேமிப்பது பெரும்பாலும் கொடியிலுள்ள ரத்தத்திலிருந்து, அதுவும் மைனஸ் 196 பாகைத் திரவ நைட்ரஜனில். காய்ந்து விழுந்த கொடியில் உயிருள்ள செல் ஏது? பாட்டி அதைப் பத்திரப்படுத்தியது பேரப்பிள்ளை மீதிருந்த பாசத்தால். அதற்கு ஆய்வகச் சான்றிதழ் எதற்கு?

புலிநகப் பதக்கத்தில் மட்டும் எனக்குச் சமரசம் கிடையாது. நம் மலேசியக் காட்டில் மிஞ்சியிருக்கும் புலிகள் 150க்கும் குறைவு. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றி நகமோ பல்லோ வைத்திருந்தாலே குற்றம். 2022இல் தண்டனையை இன்னும் கூட்டிவிட்டார்கள். கர்நாடகத்தில் 2023 அக்டோபரில் தொலைக்காட்சிப் போட்டியில் இருந்த ஒருவரைப் புலிநகச் சங்கிலிக்காக நிகழ்ச்சி வீட்டிலேயே வந்து கைது செய்தார்கள்.

அம்மா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மெஷின் வேலை என்றால் கையில் காப்பும் மோதிரமும் போட விடமாட்டார்கள். போட்டுக்கொண்டு மெஷினில் கை வைப்பதுதான் ஆபத்து. மகனுக்கு நகையாக ஏதாவது கொடுத்தனுப்ப ஆசை இருந்தால் 916 தங்கத்தில் சின்னதாக ஒன்று வாங்குங்கள்; அவசரத்துக்கு அடகுக் கடையில் எடைக்குத் தக்க பணம் தருவார்கள், கருங்காலியை அங்கே தராசில்கூட வைக்க மாட்டார்கள். மனசுக்குத் துணையாக என்றால் கோயிலில் அர்ச்சனை செய்த கயிற்றை உங்கள் கையாலேயே கட்டிவிடுங்கள். தீபாவளிக்கு வீட்டுக்கு வரும்போது அவிழ்த்துக்கொள்ளலாம் என்று இப்போதே சொல்லி அனுப்புங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லயத்து வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய தாயத்தோ, அரைஞாணோ, காப்போ பெட்டியில் கிடந்தால் படம் எடுத்து, யார் யாருக்குக் கட்டியது என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுகிறோம். அரக்கை உடைத்துப் பார்க்க வேண்டாம். புலிநகம் கிடைத்தால் படம் எங்களுக்கு வேண்டாம், வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானைக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்