கிடைச்ச காலேஜ்ல மத்தியானச் சாப்பாடு

இழை கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க. கேட்ட காலேஜ் கிடைக்காம, கிடைச்ச காலேஜுக்குப் போயிட்டிருக்கிற பிள்ளைங்களுக்கும் அவங்க அப்பா அம்மாவுக்கும் எழுதுறேன்.

ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர், அக்டோபர்ல எங்க கிளினிக்குக்கு ஒரு வயித்துவலி வரும். பதினெட்டு வயசு இருக்கும். காலையில ஏழு மணிக்கு வலி ஆரம்பிக்கும், காலேஜ் பஸ் போனதும் குறையும். ஞாயித்துக்கிழமை வலி இருக்காது. ஸ்கேன் நார்மல், ரத்தப் பரிசோதனை நார்மல்.

இதை நடிப்புன்னு நினைக்காதீங்க. மனசுல இருக்கிற பயம் குடலுக்குப் போறதுக்கு நரம்புப் பாதை இருக்கு. வலி நிஜம்தான், ஸ்கேன்ல தெரியாது, அவ்வளவுதான்.

போன வருஷம் அப்படி ஒரு பொண்ணு வந்துச்சு. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) நீட்ல கொஞ்ச மார்க்ல எம்பிபிஎஸ் போச்சு. கூடப் படிச்ச மூணு தோழிகள்ல ஒருத்திக்கு மெடிக்கல், ரெண்டு பேருக்கு கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங். இந்தப் பொண்ணு வீட்டுப் பக்கத்துல ஒரு காலேஜ்ல பி.எஸ்ஸி. விலங்கியல். மூணு மாசத்துல ஆறு கிலோ எடை குறைஞ்சிருந்தது.

அம்மாவும் கூட உக்காந்திருந்தாங்க. நான் வழக்கமா கேக்குற கேள்வியைத்தான் கேட்டேன். "மத்தியானம் யார்கூடம்மா சாப்பிடுற?"

பதில் வரல. அப்புறம், "சாப்பிடுறதில்ல சார்."

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "டப்பா தினமும் காலியாத்தானேடி வருது?"

"பஸ் ஸ்டாண்டு நாய்க்குப் போட்டுருவேன்மா."

காலையில அஞ்சு மணிக்கு எழுந்து சமைச்ச அம்மா அவங்க. ஆனா அந்தப் பொண்ணு பக்கத்துல இருந்தும் பாருங்க. அறுபது பேர் இருக்கிற கிளாஸ்ல, எல்லாரும் வட்டமா உக்காந்து டப்பா திறக்கிறப்ப, தனியா ஒரு பெஞ்சுல உக்காந்து சாப்பிடுறது எவ்வளவு கஷ்டம்னு அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும். பசியைக் கூடப் பொறுத்துக்கலாம்.

இங்க ரெண்டு துக்கம் ஒண்ணா கலந்து கிடக்கு. ஒண்ணு, சீட் போனது. இன்னொண்ணு, கூட்டம் போனது. வீட்ல எல்லாரும் முதல் துக்கத்தைப் பத்தி மட்டும்தான் பேசுவாங்க. என் அனுபவத்துல பிள்ளைங்களை உள்ளுக்குள்ள அரிக்கிறது ரெண்டாவதுதான்.

முதல் துக்கத்தைச் சீக்கிரம் பேசி முடிச்சிடுறேன். 2024-ல நீட் எழுதினவங்க 23 லட்சத்துக்கும் மேல. நாடு முழுக்க எம்பிபிஎஸ் இடம் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் அதிகம், அதுல ஏறத்தாழ பாதிதான் அரசு இடம். இருபது பேர் வரிசையில நின்னா ஒருத்தருக்குத்தான் கிடைக்கும்ங்கிற கணக்குல, கிடைக்காத பத்தொன்பது பேரும் முட்டாள்னு எந்தக் கணக்கும் சொல்லாது.

இன்ஜினியரிங் கவுன்சலிங் எடுத்துக்கங்க. 200-க்கு கட் ஆஃப். ஒரே கட் ஆஃப் வந்தா கணக்கு மார்க் பார்ப்பாங்க, இயற்பியல் பார்ப்பாங்க, பிறந்த தேதி பார்ப்பாங்க, அதுக்கும் மேல போனா ரேண்டம் எண். கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்ட எண்! அதுக்கு முன்னாடி பின்னாடி நின்ன ரெண்டு பேருக்கும் திறமையில என்ன வித்தியாசம் இருந்துடப் போகுது?

இதுக்காக "எல்லாம் நன்மைக்கே", "கடவுள் வேற ஏதோ வெச்சிருக்கான்"னு பிள்ளைகிட்ட சொல்லாதீங்க. ரெண்டு வருஷம் கோச்சிங் போய், ஞாயித்துக்கிழமை கூட டெஸ்ட் எழுதின பிள்ளைக்கு அது ஆறுதலா இருக்காது. "வருத்தமாத்தான் இருக்கும், எனக்கும் வருத்தம்தான்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டு, பக்கத்துல சும்மா உக்காருங்க. அது போதும்.

இப்ப ரெண்டாவது துக்கம். இதுலதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கு.

நான் ப்ளஸ் டூ முடிச்சது நுழைவுத் தேர்வு இருந்த காலம். ப்ளஸ் டூ 200, நுழைவுத் தேர்வு 100, ஆக 300-க்கு கட் ஆஃப். நாங்க நாலு பேர் ஒரே செட். மூணு பேர் சென்னை. எனக்கு வேற ஊர்ல, ஒரு ராத்திரி பஸ் தூரத்துல ஒரு காலேஜ். எனக்கு எம்பிபிஎஸ் கிடைச்சது, அதனால என் கஷ்டத்தை உங்க கஷ்டத்தோட சரிசமமா வெக்க மாட்டேன். ஆனா தனிமைன்னா என்னன்னு அங்கதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

நான் செஞ்ச தப்பு என்ன தெரியுமா? ஒவ்வொரு வெள்ளிக்கிழமை ராத்திரியும் ஊருக்கு பஸ் ஏறினேன். நாலு மாசம். திங்கக்கிழமை காலையில பல் கூட விளக்காம நேரா கிளாஸுக்குப் போவேன்.

வாரநாள்ல எல்லாரும் படிப்பு, ரெக்கார்டுன்னு ஓடிட்டிருப்பாங்க. சனி ஞாயிறுலதான் ஒண்ணா துணி துவைப்பாங்க, சினிமாவுக்குப் போவாங்க, ஒருத்தன் சட்டையை இன்னொருத்தன் போட்டுட்டுப் போவான். நான் திரும்பி வரும்போது எல்லாரும் ஒரு ஜோக்குக்குச் சிரிச்சிட்டிருப்பாங்க, எனக்குப் புரியாது. "இவங்க என்னைச் சேர்த்துக்க மாட்டேங்கிறாங்க"ன்னு மறுபடி பஸ் ஏறுவேன். உண்மையில சேராம இருந்தது நான்தான்.

என்னைக் காப்பாத்தினது அனாடமி மேசை. எங்க காலேஜ்ல பேர் வரிசைப்படி மேசைக்கு இத்தனை பேர்னு பிரிச்சு விட்டாங்க. பிடிக்குதோ இல்லையோ, தினமும் அதே முகங்கள்தான். ஃபார்மலின் நெடியில கண்ணு எரிய எரிய நின்னு, அப்படிக் கிடைச்சவன்தான் இன்னைக்கும் என் நெருங்கிய நண்பன். எங்க ரெண்டு பேர் பேரும் ஒரே எழுத்துல ஆரம்பிச்சது மட்டும்தான் காரணம்.

இது என் ஒருத்தன் கதை இல்ல. 1950-லேயே ஃபெஸ்டிங்கர்ங்கிற உளவியலாளரும் அவர் கூட்டாளிகளும் அமெரிக்காவுல எம்ஐடி மாணவர் குடியிருப்பைப் பத்தி ஒரு ஆய்வுநூல் வெளியிட்டாங்க. யார் யாருக்கு நண்பர் ஆகுறாங்கன்னு பார்த்தா, பெரும்பாலும் கதவு பக்கத்துல இருக்கிறவங்கதான்.

அமெரிக்காவுல ஜெஃப்ரி ஹால்னு ஒரு பேராசிரியர், கான்சஸ் பல்கலைக்கழகம். 2018-ல வந்த அவரோட ஆய்வு, அறிமுகமானவர் சாதாரண நண்பர் ஆக ஏறத்தாழ 50 மணி நேரம் ஒண்ணா இருக்கணும்னு சொல்லுது. நெருங்கிய நண்பர் ஆக 200 மணி நேரத்துக்கும் மேல. அங்க எடுத்த கணக்கு நமக்கு அப்படியே பொருந்தும்னு சொல்ல மாட்டேன். ஆனா இதை வெச்சு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க.

மத்தியானச் சாப்பாடு 40 நிமிஷம். வாரம் அஞ்சு நாள். மூணு மணி இருபது நிமிஷம். 50 மணி நேரம் சேர 15 வாரம். கிட்டத்தட்ட ஒரு செமஸ்டர்.

இப்ப ஸ்கூல் தோழியை எடுத்துக்கங்க. ஆறாவதுல இருந்து பன்னிரண்டாவது வரை, ஏழு வருஷம், தினமும் ஆறு மணி நேரம் ஒரே பெஞ்ச். அவளையும், நேத்து பேர் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்ட பொண்ணையும் தராசுல வெச்சுட்டு, "இங்க யாரும் அவளை மாதிரி இல்ல"ன்னு சொல்றது நியாயமா? அவளும் ஆறாவதுல உங்க ரப்பரைக் கேக்காம எடுத்த யாரோ ஒருத்திதானே.

இன்னொண்ணு. புதுசா ஒருத்தர்கிட்ட பேசிட்டு வந்ததும், "நம்மளை லூசுன்னு நினைச்சிருப்பாங்க"ன்னு தோணும். எல்லாருக்கும் தோணும். உண்மையில எதிர்ல இருந்தவருக்கு நாம நினைக்கிறதை விட நம்மளைப் பிடிச்சிருக்கும்னு 2018-ல வந்த இன்னொரு ஆய்வு சொல்லுது. விடுதியில ஒண்ணா தங்கின மாணவர்கள்கிட்ட இந்தத் தப்புக் கணக்கு மாசக்கணக்கா நீடிச்சிருக்கு.

அதனால அந்தப் பொண்ணுக்கு மாத்திரையோட ஒரு வேலையும் எழுதிக் கொடுத்தேன். நண்பர் தேடுற வேலை இல்ல. தினமும் அதே பெஞ்சுல உக்காரணும். காதுல இருக்கிற இயர்போனை பஸ்லயே கழட்டிப் பையில வெச்சிடணும். ரெக்கார்ட் நோட்டை ஒருத்தர்கிட்ட கடன் கேக்கணும், தேவை இல்லைன்னாலும். கடன் வாங்கினா திருப்பிக் கொடுக்கணும்ல, அப்ப ரெண்டு தடவை பேசியாகணும்.

பழைய தோழிகள் வாட்ஸ்அப் குரூப்பை விட்டு வரச் சொல்லல. காலேஜ் நேரத்துல மட்டும் திறக்காதேன்னு சொன்னேன். அவங்க புது ஃப்ரெண்ட்ஸோட எடுத்த போட்டோவை, நீ தனியா உக்காந்திருக்கிற மத்தியானத்துல பாக்குறது புண்ணுல உப்பு தேய்க்கிற வேலை.

அப்பா அம்மாவுக்கு ஒண்ணு. "இந்த ஒரு வருஷம் சும்மா போய்ட்டு வா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்"னு சொல்லாதீங்க. மறுபடி நீட் எழுதணும்னா தாராளமா எழுதட்டும், அது தப்பே இல்ல. ஆனா பிள்ளையோட உக்காந்து ஒரு தேதி வெச்சு முடிவெடுங்க. ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு விட்டா, ரெண்டுமே ஒழுங்கா நடக்காது. "நான்தான் போயிடப் போறேனே"ன்னு நினைக்கிற பிள்ளை பக்கத்து பெஞ்சுக்காரி பேரைக் கூடக் கேக்காது. சொந்தக்காரங்க கல்யாணத்துல "இப்போதைக்கு சும்மா ஒரு டிகிரி சேர்த்திருக்கோம்"னு நீங்க சொல்றது பக்கத்துல நிக்கிற பிள்ளை காதுலயும் விழுது.

காலேஜே மோசம்னா? அது வேற விஷயம். லேப் இல்ல, வாத்தியார் வர்றதில்லன்னா மாறுறதைப் பத்தி யோசிக்கலாம். ராகிங், சாதி சொல்லிச் சீண்டுறதுன்னா அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னு சொல்லவே கூடாது. 1800-180-5522, யுஜிசி ராகிங் தடுப்பு எண். கூப்பிடுங்க.

எப்ப டாக்டர்கிட்ட போகணும்? ரெண்டு வாரத்துக்கு மேல பெரும்பாலான நேரம் சோர்வு, தூக்கம் கெட்டுப் போறது, முன்னாடி பிடிச்ச எதுவும் பிடிக்காம போறது, சாப்பாடு குறைஞ்சு எடை இறங்குறது. இதெல்லாம் இருந்தா "சரியாயிடும்"னு காத்திருக்காதீங்க. "நான் இருந்து என்ன பிரயோஜனம்"ங்கிற பேச்சு ஒரு தடவை வந்தாலும் அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க, தனியா விடாதீங்க. டெலி மானஸ் 14416, தமிழ்லயே பேசலாம், காசு இல்ல. தமிழ்நாட்டுல 104-ம் இருக்கு. நேரடியா கேட்டா அந்த எண்ணம் வந்துடுமோன்னு பயப்படாதீங்க. கேட்டா வராது. கேக்காம விட்டாத்தான் ஆபத்து.

அந்தப் பொண்ணு மூணு தடவை வந்துச்சு. முதல் ரெண்டு தடவை பெருசா மாற்றம் இல்ல, ரெண்டாவது தடவை என்மேல கோவம் கூட. "நீங்க சொல்றது ஈஸி சார்"னுச்சு. சரிதானே, நான் ஏசி ரூம்ல உக்காந்து சொல்றேன்.

மூணாவது தடவை டிசம்பர்ல, காய்ச்சல்னு. அம்மா வரல, கூட இன்னொரு பொண்ணு வந்திருந்தது. நான் எதுவும் கேக்கல. எடை பாக்க மெஷின்ல ஏறும்போது பையை அந்தப் பொண்ணு கையில கொடுத்துச்சு. ரெண்டு கிலோ ஏறியிருந்தது.

இந்த வருஷம் மறுபடி நீட் எழுதலையாம். எம்.எஸ்ஸி. போகலாம்னு யோசிக்குதாம். சீட் போன வருத்தம் போயிடுச்சான்னு கேட்டேன். "இல்ல சார், இருக்கு"ன்னு சொல்லுச்சு.

கேள்வி இருந்தா கீழே கேளுங்க. ராத்திரி ஓபி முடிஞ்சதும் பதில் போடுறேன்.