ஊசியைத் திருகுவதா ட்யூனிங்?

மணியாச்சி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ரயில் சந்திப்பும், 1911 ஜூன் 17 அன்று அங்கே கேட்ட வாஞ்சிநாதனின் துப்பாக்கிச் சத்தமும்தான். பந்தயக் கார் யாருக்கும் நினைவுக்கு வராது. அதுவும் நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவில், கையில் உள்ள ரிமோட்டுக்குக் கட்டுப்பட்டு, நைட்ரோ எரிபொருளில் ஓடும் டூரிங் கார்! கரிசல் காட்டுக்கும் இந்தப் பொம்மைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அந்தக் காரைத் தப்பாக ட்யூன் செய்தால் என்ன ஆகும் என்பதை இந்த மண்ணைப் போல் சீக்கிரம் சொல்லித்தரும் இடம் வேறில்லை.

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். கோவில்பட்டிப் பக்கம் மெக்கானிக்கல் படிக்கும் ஒரு மாணவன், வீட்டில் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்த பணத்தில் பழைய நைட்ரோ கார் ஒன்றை வாங்குகிறான். ஓட்டிப் பார்க்க மணியாச்சிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டு சிமெண்ட் களம். உளுந்து காயப்போட்டு அள்ளி முடித்த களம். கையில் இணையத்தில் கிடைத்த செட்டப் தாள், ஏதோ ஓர் ஐரோப்பியச் சாம்பியனுடையது. ஸ்பிரிங், ஷாக் ஆயில், சக்கரக் கோணம் எல்லாம் அதன்படியே. கார் முதல் வளைவிலேயே பின்பக்கம் சறுக்கிச் சுற்றுகிறது. "பவர் பத்தல மாப்ள, ஊசிய இன்னும் கொஞ்சம் உள்ள திருகு" என்கிறான் கூட வந்தவன். திருகுகிறான். புகை குறைகிறது, சத்தம் ஏறுகிறது, இருவருக்கும் ஒரே சந்தோஷம்! மூன்றாவது டேங்கில் எஞ்சின் இறுகி நிற்கிறது. "மட்டமான எஞ்சின், அடுத்த தடவை பெரிய கம்பெனி வாங்கணும்" என்று தீர்ப்பு எழுதப்படுகிறது.

குற்றவாளி எஞ்சின் அல்ல. கடன் வாங்கிய எண்ணும், பொறுமை இல்லாத கையும்தான்.

முதலில் ஊசி விஷயம். இந்த வகைக் காரின் எஞ்சின் 2.11 சிசி. அதில் ஸ்பார்க் கிடையாது. க்ளோ பிளக்கின் பிளாட்டினக் கம்பி சூடாக இருந்து மெத்தனாலைப் பற்ற வைக்கிறது. எரிபொருளில் மெத்தனால், நைட்ரோமீத்தேன் ஆகியவற்றோடு ஆயிலும் கலந்தே வருகிறது. தனியாக ஆயில் சம்ப் இல்லை. எஞ்சினுக்கு மசகும் அதுதான், குளிர்ச்சியில் பெரும் பங்கும் அதுதான். அப்படியானால் ஊசியை உள்ளே திருகி மிக்சரை லீன் ஆக்குபவன் எரிபொருளை மட்டுமா குறைக்கிறான்? ஆயிலையும் சேர்த்துக் குறைக்கிறான்! எஞ்சின் அதிகம் உழைக்கும் நேரம் பார்த்து அதன் வாயிலிருந்து தண்ணீரைப் பிடுங்குவது போன்றது அது. லீன் ஆன எஞ்சின் சாகும் முன் சிறிது நேரம் வேகமாகத்தான் ஓடும். அந்தச் சிறிது நேரத்தைத்தான் பலர் ட்யூனிங் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தப் பகுதியின் காற்று இன்னொரு பாடம் சொல்கிறது. 38 டிகிரி வெயிலில் இருக்கும் காற்றைவிட 22 டிகிரி விடிகாலைக் காற்று ஏறத்தாழ 5 விழுக்காடு அடர்த்தி கூடியது. அடர்ந்த காற்றில் ஆக்சிஜன் அதிகம், எனவே எரிபொருளும் அதிகம் வேண்டும். மத்தியான வெயிலில் ஊசியைக் கொஞ்சம் உள்ளே திருகுவது தவறே இல்லை. அதே நிலையில் விட்டுவிட்டு மறுநாள் காலைப் பனியில் ஓட்டுவதுதான் தவறு. நேற்று சரியாக இருந்த எஞ்சின் இன்று லீன். ஊசியை யாரும் தொடவில்லை, காற்று மாறிவிட்டது, அவ்வளவுதான். ஐரோப்பாவில் யாரோ எழுதிவைத்த "இத்தனை சுற்று" என்ற கணக்கு இங்கே எப்படிப் பொருந்தும்?

பிறகு எது பொருந்தும்? கண்ணும் காதும் ஒரு தெர்மாமீட்டரும். முழு வேகத்தில் ஓடும்போது பின்னால் மெல்லிய புகைக்கோடு தெரிய வேண்டும். எஞ்சின் தலையின் வெப்பம் பொதுவாக 100 முதல் 120 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். ஐடிலில் இருக்கும்போது எரிபொருள் குழாயை விரலால் அழுத்திப் பிடித்தால், இரண்டு மூன்று விநாடியில் வேகம் லேசாக ஏறி எஞ்சின் நிற்க வேண்டும். உடனே நின்றால் லோ ஸ்பீடு ஊசி லீன். நெடுநேரம் ஓடிக்கொண்டே இருந்தால் ரிச். திருகுவது ஒரு தடவைக்கு எட்டில் ஒரு பங்கு சுற்று, அதற்கு மேல் கூடாது. ஒரு காலத்தில் இந்தக் கரிசலின் கிணற்று மேட்டில் ஆயில் எஞ்சின் ஓட்டிய சம்சாரிகள் புகையின் நிறத்தையும் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தையும் வைத்தே எஞ்சினின் உடம்பு நிலையைச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் கையில் எந்தச் செட்டப் தாளும் இருந்ததில்லை.

அடுத்தது சறுக்கல். களத்தில் கார் சுற்றியது பவர் குறைவாலா? பிடிப்புக் குறைவால்! புழுதி படிந்த சிமெண்டில் பவரைக் கூட்டினால் இன்னும் வேகமாகச் சுற்றும், வேறொன்றும் நடக்காது. பிடிப்பு மிகுந்த பந்தயத் தளத்துக்காகக் கடினமாக அமைக்கப்பட்ட ஸ்பிரிங்கும் ஆன்ட்டி ரோல் பாரும் இங்கே சக்கரத்தைத் தரையில் அழுந்த விடாது. வேலை தொடங்க வேண்டிய இடம் டயர். தளத்துக்கு ஏற்ற மென்மையுள்ள டயர், அதையும் ஒவ்வோர் ஓட்டத்துக்கு முன்னும் துடைத்துவைக்க வேண்டும். பிறகு சேஸி முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று சமதளக் கண்ணாடி மேல் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு தரையிலிருந்து உயரம், நான்கு பக்கமும். பிறகு கேம்பர், பின் சக்கர டோ இன். அதற்கும் பிறகுதான் ஸ்பிரிங்கும் ஷாக் ஆயிலும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், ஐந்து சுற்று ஓட்டம், ஸ்டாப் வாட்சில் நேரம், நோட்டில் ஒரு வரி. இவ்வளவு நேரமும் எஞ்சின் சற்று ரிச் ஆகவே ஓடட்டும். கடைசிப் பொடி வேகத்துக்காக ஊசியைத் தொடுவது எல்லாம் முடிந்த பிறகு.

இந்த வரிசையைச் சொன்னால் சலித்துக்கொள்பவர்கள் உண்டு. அலுமினியப் பாகம் வாங்கிப் போட்டால் முடிந்தது என்பது அவர்கள் கட்சி. அந்தப் பணத்தில் முதலில் ஏர் ஃபில்டரைப் பார்க்கட்டும். ஆடிக்காற்றில் கயத்தாறு காற்றாலைகள் சுற்றும் வேகத்தில் கரிசல் புழுதியும் பறக்கிறது. ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஆயில் காய்ந்திருந்தால், குரோமியம் பூசிய சிலிண்டருக்குள் அந்தப் புழுதி உப்புத்தாள் வேலை பார்க்கும். ஒவ்வோர் ஓட்ட நாளும் கழுவிக் காயவைத்து ஆயில் தடவிய பத்து ரூபாய் ஸ்பாஞ்ச் காப்பாற்றும் எஞ்சினை, ஆயிரம் ரூபாய் அலுமினியம் காப்பாற்றாது.

"நைட்ரோ விழுக்காட்டைக் கூட்டு" என்பது இன்னொரு கட்சி. ஐரோப்பிய ஒன்றியம் 2021 பிப்ரவரி முதல், எடையில் 16 விழுக்காட்டுக்கு மேல் நைட்ரோமீத்தேன் உள்ள கலவையைப் பொதுமக்கள் தாராளமாக வாங்க முடியாதபடி கட்டுப்படுத்திவிட்டது. அங்கே பந்தயம் நின்றுவிடவில்லை. கார்களை அதற்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். இங்கே சிலர் எரிபொருளைத் தாமே கலக்கலாம் என்று மெத்தனால் தேடுகிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்ற சாராயத்தில் இருந்தது மெத்தனால்தான். அதன் தீச்சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. தயாராகக் கிடைக்கும் எரிபொருள் கிடைக்காவிட்டால் கார் சும்மா இருக்கட்டும். ஹாஸ்டல் அறையில் குடிதண்ணீர் பாட்டிலில் மெத்தனால் வைப்பவனுக்கு எந்தப் பந்தயத்திலும் இடம் கிடையாது.

மூன்றாவது கட்சி கொஞ்சம் கௌரவமானது: "இது பணக்காரப் பிள்ளைகள் விளையாட்டு, அதோடு எலெக்ட்ரிக் கார் வந்த பிறகு நைட்ரோ எதற்கு?" பாதி உண்மை. செலவு உண்டு. எலெக்ட்ரிக் சுத்தமானது, சுலபமானது, வேகத்திலும் குறைந்ததல்ல. போட்டியில் ஜெயிப்பது மட்டும் நோக்கம் என்றால் எலெக்ட்ரிக்கே போகலாம், மேலே சொன்ன சேஸி வரிசை அதற்கும் அப்படியே பொருந்தும். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்தபின் புது பைக்குகளில் கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்துவிட்டது. எக்ஸ்எல் மொபெட்டில்கூட எரிபொருளை இன்று கம்ப்யூட்டர் அளந்து ஊற்றுகிறது. எரிபொருளும் காற்றும் எந்த அளவில் சேர்ந்தால் எஞ்சின் பாடும், எந்த அளவில் அழும் என்பதைத் தன் விரலாலேயே அறிந்துகொள்ள ஓர் இயந்திரவியல் மாணவனுக்கு மிச்சமிருக்கும் சில வழிகளில் இதுவும் ஒன்று. ஐந்து பேர் சேர்ந்து ஒரு பழைய கார் வாங்கினால் போதும். அதைப் பொம்மை என்று ஒதுக்குவதும் தவறு, பொம்மை மாதிரி எரித்துத் தீர்ப்பதும் தவறு.

தமிழ்நாட்டுக்கு இது தெரியாத பாடமும் இல்லை. கோவையின் எஸ். கரிவர்தன் 1980களின் இறுதியில் வெளிநாட்டு எஞ்சினுக்காகக் காத்திருக்கவில்லை. ஊரெல்லாம் ஓடிய மாருதி 800இன் 796 சிசி எஞ்சினை வைத்தே ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கினார். இளம் வயதில் அந்த வகைக் காரில் பந்தயம் ஓட்டிய நரேன் கார்த்திகேயன்தான் 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர். 1995இல் விமான விபத்தில் இறந்த கரிவர்தனின் பெயரைச் செட்டிபாளையம் பந்தயத் தளம் இன்றும் தாங்கி நிற்கிறது. கையில் இருப்பது என்ன, கால் நிற்கும் தளம் எது என்று பார்த்துத் தொடங்கிய மனிதர் அவர்.

மணியாச்சிக் களத்துப் பையனுக்கும் அதே கேள்விகள்தான். இந்தத் தரை எவ்வளவு பிடிக்கிறது? இந்தக் காற்று இன்று எவ்வளவு கனம்? இந்தப் புழுதி எங்கே போகிறது? ஊருக்கு ஊர் பருவம் பார்த்து விதைக்கிறவர்களின் பிள்ளைகள், எங்கோ பெய்த மழைக்கு இங்கே விதைக்கலாமா? அடுத்த முறை "ஊசிய உள்ள திருகு" என்று யாராவது சொன்னால், முதலில் அவர் கையில் ஒரு துணியைக் கொடுத்து டயரைத் துடைக்கச் சொல்லுங்கள்!