தென்கொரியாவின் உயர்வு

மண்ணுள் பொருள் புதைந்த நாடே செல்வ நாடாகும் என்பது பலர் கருத்து. அக்கருத்துப் பிழையென்பதற்குத் தென்கொரியா தக்க சான்றாகும். மண்ணெண்ணெய்க் கிணறுகள் அங்கில்லை; இரும்புத் தாதும் மிகச் சிறிதே. 1950 முதல் 1953 வரை நிகழ்ந்த போரில் தலைநகராகிய சியோல் நான்கு முறை கைமாறிற்று. போர் ஓய்ந்தபின் அந்நாட்டு மக்கள் அமெரிக்கர் அளித்த உதவியை நம்பி வாழ்ந்தனர்.

அத்தகைய நாடு உயர்ந்தது எங்ஙனம்? 1961-இல் ஆட்சியைக் கைப்பற்றிய படைத்தலைவர் பார்க் சுங்-ஹீயின் கடுமையே காரணம் என்பர் சிலர். கடுமையான ஆட்சிகள் உலகில் எத்தனையோ இருந்தன. அவற்றுட் பல தம் மக்களை வறுமையிலேயே விட்டுச் சென்றன. ஆதலின் வேரை அவர்க்கு முன்னரே தேடல் வேண்டும். 1950-இல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம், ஏறத்தாழ 3 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை உடையாரிடமிருந்து பெற்று, அதனை உழுத குத்தகையாளர்க்கே உரிமையாக்கிற்று. வாரம் அளந்தே வறியனாயிருந்த உழவன், எஞ்சிய நெல்லைக் கொண்டு தன் பிள்ளையைப் பள்ளிக்கு விடுத்தான். ஒரு தலைமுறைக்குள் எழுத்தறியாமை பெரிதும் அகன்றது.

அப்பிள்ளைகளே பின்னர்த் தொழிற்சாலைகளை நிரப்பினர். முதலில் அவர்கள் செய்து விற்றவை ஆடையும் ஒட்டுப்பலகையும் பொய்ம்மயிருமே. ஏற்றுமதியை மிகுத்த தொழிலதிபர்க்கே அரசு குறைந்த வட்டியில் கடன் அளித்தது. இஃது அறிவுடைய ஏற்பாடாகும். உள்நாட்டு அதிகாரியை முகமன் கூறி மயக்கலாம். அயல்நாட்டு வணிகனோ தரங்குன்றிய பொருளைக் கையாலும் தொடான். 1964-இல் 10 கோடி டாலராக இருந்த ஏற்றுமதி, 1977-இல் 1,000 கோடி டாலரை எட்டிற்று. எஃகாலை அமைக்க உலக வங்கி துணைசெய்ய முன்வரவில்லை. ஜப்பானிடமிருந்து இழப்பீடாகப் பெற்ற பொருளையும் ஜப்பானியர் கற்பித்த தொழிலறிவையும் கொண்டு எழுந்த போஹாங் ஆலை, 1973-இல் எஃகு வார்த்தது.

எனினும் இவ்வுயர்வின் விலையை மறைத்துரைத்தல் நேர்மையன்று. சியோல் நகரத் தையற்கூடங்களில் சிறுமியர் நாளொன்றுக்கு 14 மணி நேரம் குனிந்திருந்து உழைத்தனர். தொழிலாளர் சட்டம் ஏட்டளவில் இருந்தது, அதனைக் காப்பாரில்லை. அச்சட்டத்தை நடைமுறைப்படுத்துமாறு பன்முறை வேண்டியும் பயன்காணாத ஜியோன் தே-இல் என்னும் 22 வயதுத் தையற்காரர், 1970 நவம்பரில் தம்மையே தீக்கிரையாக்கிக் கொண்டார். 1987-இல் மக்கள் தெருவில் திரண்டு, குடியரசுத் தலைவரைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமையை மீட்டனர். அவ்வாண்டிலேயே தொழிலாளர் சங்கங்கள் பெருகின, கூலியும் உயரலாயிற்று. கூலி உயர்ந்தால் தொழில் நலியும் என்று அஞ்சினோர் இருந்தனர். தொழில் நலியவில்லை, பொய்ம்மயிர் விற்ற நாடு, கப்பலும் மோட்டார் வண்டியும் மின்னணுக் கருவியும் விற்கலாயிற்று.