கடைசி இஎம்ஐ கட்டினா அடமானம் செத்துடுமா?

ஹோம் லோன் எடுத்தவங்க உங்க லோன் பேப்பரைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்க. 'மார்ட்கேஜ்' என்ற வார்த்தை கண்ணில் படும். கையெழுத்துப் போட்டாச்சு, ஆனா அதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா?

பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. 'மோர்ட்' என்றால் செத்த, 'கேஜ்' என்றால் அடகு. மொத்தத்தில் 'செத்த அடகு'! எதுக்கு இப்படி ஒரு பேரு? இங்கிலாந்தின் சட்ட அறிஞர் எட்வர்ட் கோக் 1628-ல் வெளியிட்ட நூலில் இதை விளக்கியிருக்கார். கடனைக் கட்டலைன்னா, நிலம் கடன் வாங்கினவருக்குச் செத்துப்போகும். கட்டிட்டா, கடன் கொடுத்தவரோட பிடி செத்துப்போகும்.

முதல் சாவுக்கு நாம எல்லாரும் பயப்படுறோம். இரண்டாவதை நாமதான் நடத்தி முடிக்கணும், அதைத்தான் பலர் பாதியில் விட்டுடுறாங்க.

₹40 லட்சம், 8.5% வட்டி, 20 வருடம் என்றால் இஎம்ஐ சுமார் ₹34,700. முதல் மாதம் அதில் ₹28,333 வட்டிக்கே போயிடும். அசல் குறைவது ஆறாயிரத்துச் சொச்சம்தான். போனஸ் வரும்போது வருடத்துக்கு ஒரு இஎம்ஐ கூடுதலா கட்டினாலே மூணு வருடத்துக்கு மேல் மிச்சம். தனிநபர் எடுத்த ஃப்ளோட்டிங் ரேட் ஹோம் லோனுக்கு முன்கூட்டியே கட்ட அபராதம் கிடையாது.

சரி, கடைசி இஎம்ஐயும் கட்டியாச்சு. 'கடன் தீர்ந்தது'ன்னு ஸ்வீட் வாங்கிட்டுப் போயிடாதீங்க. கடன் தீர்ந்தாலும் பேப்பரில் அடமானம் இன்னும் உயிரோடதான் இருக்கும்.

1. வங்கியிடம் நோ டியூ சர்டிஃபிகேட் வாங்குங்க.
2. ஒரிஜினல் பத்திரங்களைச் சரிபார்த்து வாங்குங்க. 30 நாளுக்குள் தரணும். வங்கியால் தாமதமானா நாளொன்றுக்கு ₹5,000 உங்களுக்குத் தரணும். 2023 டிசம்பர் 1 முதல் இது ரிசர்வ் வங்கி விதி.
3. அடமானம் பதிவாகியிருந்தா, சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்து செய்யுங்க.
4. பிறகு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்க. ரத்தானது அதில் ஏறியிருக்கணும்.

இதை விட்டா, பத்து வருடம் கழிச்சு வீட்டை விற்கப் போகும்போது வாங்க வர்றவர் வில்லங்கத்தைப் பார்த்துட்டு, "சார், இன்னும் லோன் இருக்கே?" என்று கேட்பார். அப்போ பழைய பேப்பரைத் தேடி அலையணும்.

என் கருத்து இதுதான்: வீட்டுக்கடன் எடுப்பது தப்பில்லை. ஆனா அந்த அடகைச் சாகடிச்சு, அடக்கமும் பண்ணிட்டு வாங்க. வீடு அப்போதான் முழுசா உங்களுடையது.